கொட்டகையிற் கூடிய கணினி ஆர்வலர்

1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆம் திகதி, புதன்கிழமை இரவு. அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க் என்னும் ஊரில் மழை பெய்துகொண்டிருந்தது. அவ்வூரில் வாழ்ந்த கோர்டன் பிரெஞ்ச் என்னும் பொறியியலாளரின் வீட்டுக் கார்க் கொட்டகையில் 32 பேர் வந்து கூடினர். வரவேற்புரை இல்லை, தலைமையுரை இல்லை, அங்கத்துவப் பணமும் இல்லை. அவர்கள் நடுவே ஒரு பெட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் முகப்பிலே வரிசையாகச் சிறு ஆளிகளும், அவற்றின் மேலே செந்நிறச் சிறு விளக்குகளும் காணப்பட்டன. அப்பெட்டி ஒரு கணினி. தனி மனிதன் ஒருவன் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கக்கூடிய கணினி என்பதே வந்திருந்தோரை வியப்பில் ஆழ்த்திய செய்தியாகும்.

அன்று கூடியோர் சிறிது காலத்துள் தமது கூட்டத்திற்கு ஹோம்புரூ கணினிச் சங்கம் எனப் பெயர் வைத்தனர். ஹோம்புரூ என்பது வீட்டிலே வடித்துக்கொள்ளும் பானத்தைக் குறிக்கும் சொல். கணினியையும் அவ்வாறே வீட்டில் ஆக்கிக்கொள்வோம் என்பது அவர்தம் கருத்து. 1986ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வரை அச்சங்கம் நிலைபெற்றிருந்தது. அதன் பின்னரும், அதில் அங்கம் வகித்தோர் தாம் அதற்கு அளித்த பங்கினைப் பற்றி நூல்களிலும் நேர்முகங்களிலும் பலகாலும் நினைவுகூர்ந்து வந்துள்ளனர். அந்நினைவுகளே இன்றைய உரைக்குப் பொருள். யார் எதனைக் கொடுத்தார், அதனை அவர் எவ்வாறு நினைவிற் கொண்டார், அந்நினைவை வரலாறு எவ்வளவுக்கு ஏற்றுக்கொள்ளலாம் என்னும் மூன்றனையும் நாம் ஆராய்வோம்.

அக்காலத்துக் கணினியின் நிலையை முதலில் உணர்ந்துகொள்ளல் வேண்டும். பல்கலைக்கழகங்களும், அரசாங்கத் திணைக்களங்களும், பெருங் கம்பனிகளுமே கணினிகளை வைத்திருந்தன. குளிரூட்டிய அறையில் அவை வீற்றிருக்கும். மாணவன் ஒருவன் துளையிட்ட அட்டைகளைக் கொண்டுபோய்ச் சாளரத்திற் கொடுத்துவிட்டு விடைக்காக மணிக்கணக்காகக் காத்திருப்பான். இந்நிலையில், நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகர்க்கி நகரில் எட் ரொபேர்ட்ஸ் என்பவர் நடாத்திய மிட்ஸ் என்னுஞ் சிறு கம்பனி, அல்டெயர் 8800 எனப் பெயரிய கணினியை உதிரிப் பாகங்களாக 397 டொலருக்கு விற்க முன்வந்தது. பொப்புலர் இலெக்ட்ரோனிக்ஸ் என்னுஞ் சஞ்சிகையின் 1975 சனவரி இதழ் அதன் படத்தை அட்டையில் வெளியிட்டது.

அப்படத்திலே ஒரு வேடிக்கை உண்டு. முதலிற் செய்து முடித்த கணினி நியூயோர்க் நகரிலுள்ள பத்திரிகை அலுவலகத்துக்குப் பொதியாக அனுப்பப்பட்டபோது வழியிலே தொலைந்துபோயிற்று. எனவே, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பெட்டியையே படம்பிடித்து அட்டையிற் போட்டனர். சில நூறு பேர் வாங்கினாற் போதும் என எண்ணியிருந்த ரொபேர்ட்சுக்கு ஆயிரக்கணக்கில் ஓடர்கள் வந்து குவிந்தன.

பணம் அனுப்பியவருக்குக் கிடைத்தது யாது? பற்றாசு பிடித்துப் பொருத்தவேண்டிய ஒரு குவியல் உதிரிப் பாகங்கள். பொருத்தி முடித்தபின்னரும் அதற்குத் தட்டச்சுப் பலகை இல்லை, திரை இல்லை. நினைவகம் 256 பைட்டுகளே; அஃதாவது ஆங்கிலத்தில் நாலைந்து வரிகளை மட்டும் கொள்ளத்தக்க இடம். ஆளிகளை ஒவ்வொன்றாக மேலுங் கீழுந் தட்டியே கட்டளைகளை உட்செலுத்தல் வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் அனைத்தும் மறந்துபோகும். இத்தகைய பெட்டியை வைத்துக்கொண்டு தனியே இருப்பவன் என்ன செய்வான்? ஒருவனிடம் நினைவகத் தகடு செய்யும் அறிவு இருந்தது. இன்னொருவனிடம் பழைய தட்டச்சுப் பொறி இருந்தது. மூன்றாமவனுக்குக் கட்டளைத் தொடர் எழுதும் ஆற்றல் இருந்தது. மூவரும் ஓரிடத்திற் கூடினாலன்றி அப்பெட்டி பயன்படாது. பொறியின் குறைபாடே அவர்களை ஒன்றுசேர்த்தது எனலாம்.

கூட்டத்தைக் கூட்டியவர் இருவர். ஒருவர் வீட்டுக்காரராகிய பிரெஞ்ச். மற்றவர் பிரெட் மூர். மூர் கணினி வல்லுநரல்லர், அறப்போராளி. 1959ஆம் ஆண்டில், பேர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோது, மாணவர்க்கு இராணுவப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டிருந்ததை எதிர்த்து அங்குள்ள மண்டபமொன்றின் படிகளில் உண்ணாநோன்பு இருந்தவர். பொதுப்பணியில் ஈடுபட்டோரின் பெயர்களையும் திறமைகளையும் ஒரு பட்டியலாகத் திரட்டி, அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வைப்பதற்குக் கணினி உதவும் என்பது அவரது நம்பிக்கை. பணத்தை இடையில் நிறுத்தாமல் மனிதர் தம்முட் கொடுத்தும் பெற்றும் வாழலாம் என்பது அவரது கொள்கை.

மூர் செய்த தொண்டு மிக எளியது. முதற் கூட்டத்திற்கு வந்தவர்களின் பெயர்களை எழுதினார். அவரவரிடம் என்ன உண்டு, அவரவருக்கு என்ன வேண்டும் எனக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பத்து நாள்களில், மார்ச் 15ஆந் திகதியிட்ட ஒரு செய்திமடலைத் தட்டச்சுச் செய்து அனைவருக்கும் அனுப்பினார். வந்தவர் 32 பேர் என்பதும், அவர்களுள் அறுவர் ஏற்கெனவே தம் கையால் ஏதோ ஒருவகைக் கணினி செய்து வைத்திருந்தனர் என்பதும் இன்று நமக்குத் தெரிவது அக்குறிப்பினாலேயாகும்.

சங்கம் வளர வளரக் கொட்டகை போதாதாயிற்று. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை கூடலாயினர். கூட்டத்தை நெறிப்படுத்தியவர் லீ பெல்சென்ஸ்டைன். 1973ஆம் ஆண்டில் பேர்க்லி நகரின் இசைத்தட்டுக் கடையொன்றிலே பொதுமக்கள் தாமே செய்திகளைப் பதிந்தும் படித்தும் கொள்ளத்தக்க கணினி அறிவித்தற் பலகையை நிறுவியோருள் இவரும் ஒருவர். சங்கக் கூட்டத்தை இவர் இரண்டாகப் பகுத்தார். முதற் பகுதியில் எவரும் எழுந்து, தம்மிடம் உள்ளதையும் தமக்கு வேண்டியதையும் சுருக்கமாகச் சொல்லலாம். விவாதிக்க இடமில்லை. இரண்டாம் பகுதியில் மண்டபத்து ஒழுங்கு கலையும். வேண்டியவர் வேண்டியவரைத் தேடிச்சென்று பேசிக்கொள்வர். சந்தையில் விற்பவனும் வாங்குபவனும் கூடுவது போன்றதே இம்முறை. ஆயினும் அங்கே கைமாறியது பெரும்பாலும் அறிவாகவே இருந்தது.

இனி, நினைவுகளுட் சிலவற்றை எடுத்துக்கொள்வோம். வானொலி கேட்போராகிய உங்களுக்கு முதலிற் சொல்லத்தக்கது ஸ்டீவ் டொம்பியர் என்பவரின் செய்தி. அவர் தமது அல்டெயர் கணினியைப் பொருத்தி முடித்து, எண்களை வரிசைப்படுத்தும் கட்டளைத் தொடர் ஒன்றை இயக்கிக்கொண்டிருந்தார். அருகிலே வானொலிப் பெட்டியில் விமானிகளுக்கான வானிலை அறிவித்தல் ஒலித்துக்கொண்டிருந்தது. கணினி வேலை செய்யுந்தோறும் வானொலியில் இரைச்சல் எழுவதை அவர் கவனித்தார். மின்னல் வெட்டும்போதும், பக்கத்து வீட்டு மின்பொறி சுழலும்போதும் வானொலி கரகரப்பதை நாம் அனைவரும் அறிவோம். நாம் பெட்டியைத் தட்டிவிட்டோ, முள்ளைத் திருப்பிவிட்டோ அமைகின்றோம். டொம்பியர் அவ்வாறு அமையவில்லை. எந்தக் கட்டளையை எத்தனை தரம் சுழலவிட்டால் எந்தச் சுரம் எழும் என்பதைச் சோதித்துச் சோதித்து ஓர் அட்டவணை வகுத்தார்.

அடுத்த ஏப்பிரில் மாதத்தில், மென்லோ பார்க்கிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்திலே சங்கம் கூடியது. டொம்பியர் தமது கணினியை அங்கே கொண்டுவந்து, நெடுநேரம் ஆளிகளைத் தட்டிக்கொண்டிருந்தார். பாதியில் யாரோ மின்கம்பியிற் கால் தடுக்கியமையால் செலுத்தியவை யாவும் அழிந்துபோக, அவர் மீண்டும் முதலிலிருந்து தட்டவேண்டி நேர்ந்தது எனக் கூறுவர். இறுதியில், கணினியின் மேல் வைத்த சிறு வானொலியிலிருந்து பீற்றில்ஸ் குழுவினரின் பாட்டொன்றின் மெட்டு எழுந்தது. கூடியிருந்தோர் எழுந்து நின்று கைகொட்டினர். அது வரையில் விளக்குகளை மினுக்குவதன்றி வேறொன்றுஞ் செய்தறியாத பெட்டி, முதன்முதலாக மனிதர் காதுக்கு இனிய ஒன்றைச் செய்துகாட்டியது.

மறுமுறையும் பாடுமாறு கேட்க, அக்கணினி டெய்சி என்னும் பழைய ஆங்கிலப் பாட்டை இசைத்தது. அப்பாட்டை அவர் தெரிந்தெடுத்தது காரணத்தோடேயே. 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தார் பெருங்கணினி ஒன்றைக்கொண்டு பாடச்செய்த பாட்டு அது. அதனை அங்கே நேரிற் கேட்டவர்களுள் ஒருவர், 1956 முதல் 2008இல் மறையும் வரையில் நமது நாட்டைத் தம் வாழ்விடமாகக் கொண்டிருந்த ஆதர் சி. கிளார்க். விண்வெளிப் பயணக் கதையில் வரும் கணினி தன் நினைவு அழியும் வேளையில் அப்பாட்டையே பாடுவதாக அவர் அமைத்தமை பலரும் அறிந்ததே. கோடிக்கணக்கான டொலர் பெறும் நிறுவனம் செய்ததை 397 டொலர்ப் பெட்டியுஞ் செய்யும் என்பதே டொம்பியர் சொல்லாமற் சொன்ன செய்தியாகும். அதற்காக அவர் எவரிடமும் ஒரு சதம் பெறவில்லை; செய்முறையையும் எழுதி வெளியிட்டார்.

இனிமையான நினைவுகள் இவை. ஆனால் சங்கத்தின் நினைவுகள் அனைத்தும் இவ்வாறு ஒத்த கருத்தோடு கூறப்படுவன அல்ல. ஒரே நிகழ்ச்சியை ஒரு சாரார் கொடை என்றும் மறு சாரார் களவு என்றும் நினைவுகூரும் இடமும் உண்டு. வரலாறு கற்பிப்போர் கூர்ந்து நோக்கவேண்டிய இடம் அதுவே.

அல்டெயர் கணினிக்கு எளிதிற் கட்டளையிடப் பேசிக் என்னும் கணினிமொழி வேண்டியிருந்தது. பில் கேட்ஸ், போல் அலன் என்னும் இரு இளைஞரும், அவர்களுக்குத் துணையாக மொண்டி டேவிடொவ் என்பவரும் அதனை எழுதினர். மிட்ஸ் கம்பனி அதனைத் தன் நினைவகத் தகடுகளோடு சேர்த்து வாங்குவோர்க்குக் குறைந்த விலைக்கும், தனியே கேட்போர்க்கு மிகக் கூடிய விலைக்கும் விற்றது. 1975ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அக்கம்பனியார் பாலோ அல்ட்டோ நகரின் விடுதியொன்றிலே நடாத்திய காட்சியின்போது, பேசிக் மொழி பதிந்த துளையிட்ட கடதாசி நாடா ஒன்று காணாமற்போயிற்று. சில நாள்களில் அதன் பிரதிகள் சங்கக் கூட்டத்திற்கு வந்தன. ஒன்றை எடுத்துச் செல்பவர் அடுத்த முறை வரும்போது கூடுதலான பிரதிகளைக் கொண்டுவந்து பிறருக்கு வழங்கல் வேண்டும் என்பது ஏற்பாடு. பெற்றவர்கள் அதனைச் சங்கத்தின் பொதுப்பண்புக்கு ஏற்ற செயலாகவே நெடுங்காலம் நினைவுகூர்ந்தனர்.

எழுதியவர்க்கோ அது அவ்வாறு தோன்றவில்லை. 1976ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதியிட்டு, கணினி ஆர்வலர்க்கு ஒரு பகிரங்கக் கடிதத்தைக் கேட்ஸ் எழுதினார். தாம் பயன்படுத்திய கணினி நேரத்தின் பெறுமதி 40,000 டொலருக்கு மேற்பட்டது என்றும், அல்டெயர் கணினி வைத்திருந்தோரில் 10 வீதத்திலுங் குறைந்தோரே பேசிக் மொழியை விலைகொடுத்து வாங்கினர் என்றும், தமது உழைப்புக்குக் கிடைத்த ஊதியம் மணித்தியாலத்துக்கு 2 டொலரிலுங் குறைவு என்றும் அவர் கணக்குக் காட்டினார். அக்கடிதத்தைத் தனது செய்திமடலிலேயே வெளியிட்டது ஹோம்புரூ சங்கம். தன்னைக் கண்டித்த கடிதத்தைத் தானே அச்சிட்டமை அச்சங்கத்துக்குப் பெருமை தருவதாகும்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது எங்ஙனம்? வள்ளுவர் ஒப்புரவறிதல் என்றும் ஈகை என்றும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்துள்ளார். இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. தன்னோடு வாழும் ஊரார்க்குத் தன்னிடம் உள்ளதைப் பயன்படச் செய்வது ஒப்புரவு. ஹோம்புரூ சங்கத்தார் கண்டது ஒப்புரவின் வழியாகும். ஆயின், தன்னுடையதைப் பொதுவாக்குதலே ஒப்புரவு. பிறனுடைய உழைப்பை அவன் இசைவின்றிப் பொதுவாக்குதல் அப்பெயருக்கு உரியதன்று. அந்நாடா பரவியதனாலேயே கேட்சின் பேசிக் மொழி எங்கும் வேரூன்றியது எனப் பின்னாளிற் சிலர் வாதிட்டனர். அது உண்மையாயினும், பயன் நன்றாயிற்று என்பதால் வழி நன்றாகிவிடாது.

இவ்வழக்குக்குச் சிறந்த விடையைச் சொல்லாற் கூறாது செயலாற் கூறியோரும் ஆர்வலருள் இருந்தனர். டெனிஸ் அலிசன் என்பவர் சிறிய நினைவகத்துக்கும் அடங்கும் ‘குறும் பேசிக்’ ஒன்றுக்கு வரைவு வகுத்து, அதனை எவரும் எழுதிப் பார்க்கலாம் என வெளியிட்டார். டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த டிக் விப்பிள், ஜோன் ஆர்னோல்ட் என்னும் இருவர் எழுதி அனுப்பினர். இவற்றை வெளியிடுவதற்கென்றே 1976 சனவரியில் டொக்டர் டொப்ஸ் என்னும் இதழ் தோன்றியது. ஜிம் வாரன் அதன் ஆசிரியரானார். அதே ஆண்டில் லி-சென் வாங் என்பவர் தாம் எழுதிய குறும் பேசிக்கை அதில் வெளியிட்டு, பதிப்புரிமை அறிவிப்பு வரவேண்டிய இடத்திலே, அவ்வறிவிப்பை எள்ளி நகைக்கும் ஒரு சொற்சிலேடையைப் பொறித்தார். டொம் பிற்மன் என்பவரோ வேறொரு வழியை மேற்கொண்டார். விலை நியாயமாயிருப்பின் மக்கள் திருடமாட்டார்கள் என்று கூறி, தமது குறும் பேசிக்கை 5 டொலருக்கு விற்றார். பலர் மனமுவந்து வாங்கினர். வாங் தம்முடையதைக் கொடுத்தார். பிற்மன் தம்முடையதைக் குறைந்த விலைக்கு விற்றார். இருவரும் பிறர் பொருளைத் தொடவில்லை. இவர்களது நினைவுக்கு வரலாறு தனியிடம் அளித்தல் தகும்.

சங்கத்தாருள் உலகப் புகழ் பெற்றவர் ஸ்டீவ் வொஸ்னியாக். அவர் அக்காலத்தில் ஹியூலெட் பக்கார்ட் கம்பனியிற் கணிப்பொறிகளை வடிவமைத்துக்கொண்டிருந்த இளைஞர். நண்பர் ஒருவரின் தூண்டுதலால் முதற் கூட்டத்திற்கு வந்தார். கூச்ச இயல்பினராகிய தாம் அங்கே பேசப்பட்டவற்றை முழுவதும் அறிந்துகொள்ளாது திகைத்ததாகவும், வீட்டுக்குக் கொண்டுசென்ற நுண்செயலி விவரத்தாளை அன்றிரவு படித்தபோதே தமது கணினியின் வடிவம் மனத்தில் உருப்பெற்றதாகவும் அவர் பின்னர் எழுதியுள்ளார். 20 டொலருக்கு வாங்கிய 6502 என்னும் நுண்செயலியைக்கொண்டு, தட்டச்சுப் பலகையோடும் தொலைக்காட்சித் திரையோடும் பொருத்தத்தக்க கணினி ஒன்றை அவர் உருவாக்கினார். அதனைச் செய்தது விற்பதற்காக அன்று. சங்கத்து நண்பர்க்குக் காட்டுவதற்காகவே என்று அவர் பலமுறை கூறியுள்ளார். மின்சுற்றின் வரைபடத்தைப் பிரதிசெய்து கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். சிலர் வீட்டுக்கே சென்று பொருத்துவதற்கு உதவினார்.

வரைபடத்தை இலவசமாகக் கொடுப்பதிலும், செய்து முடித்த சுற்றுப் பலகையை விற்பது நன்று என நண்பர் ஸ்டீவ் ஜொப்ஸ் கூறினார். 1976 ஏப்பிரில் முதலாந் திகதி அப்பிள் கம்பனி தோன்றியது. போல் டெரல் என்னும் கடைக்காரர் ஒன்றுக்கு 500 டொலர் வீதம் 50 கணினிகளுக்கு ஓடர் கொடுத்தார். அவரும் அக்கூட்டங்களிலே கலந்துகொண்டவரே. அப்பிள் 1 எனப்பட்ட அக்கணினி 666 டொலர் 66 சதத்துக்கு விற்கப்பட்டது. ஏறத்தாழ 200 கணினிகளே செய்யப்பட்டன. 2014ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்றை ஹென்றி போர்ட் நூதனசாலை ஏலத்தில் 905,000 டொலர் கொடுத்து வாங்கியது. அதன் வரைபடமோ ஒரு காலத்திற் சங்க வாசலிலே கேட்டவர்க்கெல்லாம் சும்மா கொடுக்கப்பட்ட கடதாசியாகும்.

சங்கத்தைச் சுற்றிக் கம்பனிகள் பல முளைத்தன. பொப் மார்ஷ் நினைவகத் தகடுகள் செய்து விற்றார். அவருக்காகப் பெல்சென்ஸ்டைன் சொல்-20 என்னுங் கணினியை வடிவமைத்தார். 1977 ஏப்பிரிலில் ஜிம் வாரன் சான் பிரான்சிஸ்கோவில் நடாத்திய கணினிச் சந்தைக்கு 12,000 பேருக்கு மேல் வந்தனர். ஆனால், நேற்று வரை தம் வரைபடத்தை விரித்துக் காட்டியவர் இன்று கம்பனி இரகசியம் எனச் சுருட்டி வைக்கலாயினர். என்னிடம் இது உண்டு என எழுந்து கூறும் வழக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. சங்கத்தின் வெற்றியே அதன் உயிர்நிலையை மெலிவித்தது என அதன் பழைய அங்கத்தவர் சிலர் வருத்தத்தோடு நினைவுகூர்கின்றனர்.

நேயர்களே, இத்தகைய நினைவுரைகளைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, நினைவு பின்னால் நிகழ்ந்ததன் நிறத்தை முன்னால் நிகழ்ந்ததன் மேற் பூசிவிடும். பெருந்தொழில் ஒன்று பிறந்த இரவு என இன்று அக்கொட்டகைக் கூட்டத்தைப் போற்றுகின்றனர். அன்று எழுதப்பட்ட செய்திமடலை எடுத்துப் பார்த்தாலோ, அங்கே தொழிலும் இல்லை, செல்வமும் இல்லை. எவரிடம் என்ன பாகம் உண்டு, எவருக்கு எந்தச் சில்லு வேண்டும், கணினி வீட்டில் எதற்குப் பயன்படும் என்னும் எளிய விசாரணைகளே உள்ளன. நினைவு நமக்கு உணர்ச்சியைத் தரும். திகதியிட்ட கடதாசி அளவைத் தரும். ஒன்றின்றி ஒன்று குறையுடையது.

இரண்டாவது, பொருளீட்டியவனை உலகம் நினைவு வைத்திருக்கும். கூட்டிச் சேர்த்தவனை எளிதில் மறந்துவிடும். வொஸ்னியாக்கின் பெயரைச் சிறுவரும் அறிவர். பிரெட் மூரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்? அவர் சங்கத்திலே நெடுங்காலம் நிலைத்திருக்கவில்லை. செய்திமடலின் ஆசிரியப் பொறுப்பும் பிறர் கைக்கு மாறிற்று. 1997ஆம் ஆண்டில் அவர் ஒரு வாகன விபத்தில் உயிர்நீத்தார். 2013ஆம் ஆண்டு நொவெம்பரில், மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று நூதனசாலையிலே பழைய அங்கத்தவர்கள் மீண்டும் ஒன்றுகூடியபோது, முதற் கூட்டத்திற்கு அழைப்பு விடுத்த அவர் அங்கே இல்லை. அவர் எந்தக் கணினியையும் வடிவமைத்தவரல்லர். எந்தக் கம்பனியையும் நிறுவியவரல்லர். வந்தவர்களின் பெயரைக் கேட்டு எழுதியதும், அதனைத் தட்டச்சுச் செய்து அனுப்பியதுமே அவரது பங்கு. அவ்வெழுத்து இல்லாதிருப்பின் ஏனையோர் பங்கினை நாம் இவ்வளவு தெளிவாக அறிந்திருக்க முடியாது. வொஸ்னியாக்கும் தமது புகழின் உச்சியில் நின்று எழுதியபோது, இத்தகைய சங்கங்கள் இல்லையேல் தமது கணினியும் இல்லை என்றே ஒப்புக்கொண்டார். நன்றியறிதல் நினைவின் மிகையைத் திருத்தவல்லது.

அச்செய்திமடல்களின் பிரதிகள் இன்று அந்நூதனசாலையிற் பேணப்படுகின்றன. பழைய கணினிகளைப் பழுதுபார்த்து இயக்குவோர் அவற்றை எடுத்துப் படித்து, எந்தத் தகட்டை எவர் செய்தார், எந்தப் பிழையை எவர் திருத்தினார் என அறிந்துகொள்கின்றனர். பொறிகள் துருப்பிடிக்கின்றன, நாடாக்கள் உக்கிப்போகின்றன, அறிந்தவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர். முதுமை வரும்வரை காத்திருந்து சொல்லும் நினைவு பாதி கனவாகிவிடும்.

சங்கம் எதுவாயினும், வாசிகசாலையாயினும் விளையாட்டுக் கழகமாயினும், அதில் அங்கம் வகிக்கும் நேயர்கள் ஒன்று செய்யலாம். கூட்டம் முடிந்த அன்றே, வந்தவர் யார், கொடுத்தவர் யார், கொடுத்தது எது என்பவற்றைத் திகதியோடு ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். எழுதுபவருக்குப் புகழ் கிடையாது. ஆயினும், பின்வருவோர் ஏனையோரின் புகழை அளந்தறிவது அப்புத்தகத்தைக் கொண்டேயாகும்.